உழைப்பாளர்க்கு யோகம்

உறுப்பினர் கல்விப் பாடம்

யோகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உறுப்பினர்களிற் பலர் இரண்டு காரணங்களைக் கூறி விலகிக்கொள்வர். அது காவி உடுத்தியவர்க்கு உரியது என்பது ஒன்று. பணமும் ஓய்வும் படைத்த நகரத்தாரின் பொழுதுபோக்கு என்பது மற்றொன்று. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டில் செய்த தீர்மானப்படி, 2015 முதல் ஜூன் 21ஆம் நாள் உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் ஒரே நிறச் சட்டையும் விரிப்புமாக அணிவகுத்திருப்போரின் படங்களைக் காணும்போது இரண்டாவது எண்ணம் பின்னும் வலுப்பெறக்கூடும். இவ்விரண்டு எண்ணங்களும் பிழையானவை. யோகம் உழைப்பாளிக்கு உரியது. உழைப்பை விடாமலே பயிலத் தக்கது. இதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. உடலும் ஒரு முதல்

சங்கத்தின் முதலைக் காக்கக் கணக்கு வைக்கிறோம். உழைப்பாளியின் முதலாகிய உடலுக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து மிதியை மிதிப்பவருக்கு இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. அறுந்த இழையைத் தேடித் தேடிக் கண் களைக்கிறது. கரிசல் காட்டில் குனிந்து களை எடுப்பவருக்கு முதுகு நிமிர மறுக்கிறது. நம் குடும்பங்களிலிருந்து சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்வோர் தரையில் கால் மடக்கி மணிக்கணக்கில் அமர்கின்றனர்.

இவற்றுக்கு மேல் மனத்தின் பாரமும் உண்டு. நூல் விலை ஏறுகிறது, மழை பொய்க்கிறது, தவணை நெருங்குகிறது. இப்பாரத்தை இறக்கிவைக்க வழி தெரியாதவர் சிலர் மதுக்கடையில் இறக்குகின்றனர். சிலர் மனைவி மக்கள் மீது இறக்குகின்றனர். ஆகவே, இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. குடும்பத்தைக் காப்பது பற்றிய பேச்சு.

2. எட்டு உறுப்புகள்

யோகத்திற்கு எட்டு உறுப்புகள் உண்டெனப் பதஞ்சலி முனிவர் வகுத்தார். தமிழில் திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டையும் விளக்கினார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை.

உடலை வளைக்கும் ஆசனம் மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. அதற்கு முன் நிற்பவை ஒழுக்கமும் தூய்மையும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, புலனடக்கம், பிறர் பொருளை விரும்பாமை ஆகிய ஐந்தும் இயமம் எனப் பதஞ்சலி கூறுவார். சங்கத்தில் வாங்கிய நூலுக்குச் சரியான கணக்குக் கொடுப்பவரும், பருத்தியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டாதவரும் யோகத்தின் முதற்படியில் ஏறியவர்களே. அவ்வாறு செய்யாதவர் தலைகீழாக நின்றாலும் படியேறாதவரே.

3. திருச்சுழியில் பிறந்தவர்

அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் வேங்கடராமன். 1896ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. அவர் அலறி ஓடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, ‘சாவது இவ்வுடல்; இதை அறிகின்ற நான் யார்?’ என்று தமக்குள் ஆராய்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவரே பின்னர் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும்வரை அவ்வூரை விட்டு அகலவில்லை.

தாம் வீட்டை விட்டு வந்தவராயினும், தம்மை நாடி வந்த இல்லறத்தாரை வீட்டை விட்டு வருமாறு அவர் தூண்டவில்லை. செய்யும் தொழிலைச் செய்துகொண்டே உள்ளே ஆராயலாம் என்றே கூறினார். அவரும் ஆசிரமத்துச் சமையற்கட்டில் விடியுமுன் அமர்ந்து காய் நறுக்கினார், இலை தைத்தார். வேலை தவத்துக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

4. தறியிலிருந்து எழுந்தவர்

இரண்டாமவர் நம் தொழிலினர். செங்கற்பட்டுப் பக்கத்துக் கூடுவாஞ்சேரியில், 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி. வறுமையினால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது, தறியில் அமர்ந்தார். பின்னர்ச் சென்னை சென்று, ஆயுர்வேத மருத்துவர் கிருஷ்ணாராவ் என்பவரிடம் தியான முறைகளைக் கற்றார். திருமணம் செய்துகொண்டார்; நெசவுத் தொழில் நடத்தினார்; அதன் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் கண்டார். 1958ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984ஆம் ஆண்டில் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை நிறுவினார். 2006ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மறைந்தார்.

உழைத்துக் களைத்தவரும் முதியவரும் செய்யக்கூடியனவாகக் கை, கால், மூச்சு, கண் பயிற்சிகளை அவர் எளிமையாக அமைத்தார். இவற்றோடு ‘அகத்தாய்வு’ என்பதையும் சேர்த்தார். எண்ணத்தை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என வளர்ந்து, ‘நான் யார்’ என்னும் வினாவில் அது முடிகிறது. திருச்சுழியில் பிறந்தவர் கேட்ட வினாவும் இதுவே. ஒருவர் வீட்டைத் துறந்து கேட்டார். மற்றவர் தறியில் இருந்து கேட்டார். வினா ஒன்றே.

5. கவலையைத் தரம் பிரித்தல்

நெசவாளர் நூலைத் தரம் பிரிப்பதுபோல, வேதாத்திரியார் கவலைகளை நான்காகப் பிரித்தார். அவற்றை நம் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம்.

அனுபவித்தே தீரவேண்டியவை: மழையின்றிக் காய்ந்துபோன பருத்தி இனித் தழைக்காது. ஏற்றுக்கொள்வதே வழி.

தள்ளிப்போட வேண்டியவை: மூன்றாண்டு கழித்து வரும் மகள் திருமணத்தை இன்றிரவு முடிக்க இயலாது. மாதச் சேமிப்பைத் தொடங்கிவிட்டு உறங்கலாம்.

அலட்சியம் செய்ய வேண்டியவை: அண்டை வீட்டார் கூறிய சுடுசொல்.

உடனே தீர்க்க வேண்டியவை: தவணை கடந்த கடன். வெட்கத்தினால் சங்கத்துப் பக்கமே வராமல் ஒளிந்து திரிபவர் கந்துவட்டிக்காரரிடம் சென்று சேர்கிறார். நாளையே செயலாளரைக் கண்டு நிலைமையை உள்ளபடி சொல்லுதல் வேண்டும்.

இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தவருக்கு உண்மையொன்று புலப்படும். நான்காம் பகுதியில் எழுதுவதற்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நம் உறக்கத்தைக் கெடுப்பனவோ பெரும்பாலும் மற்ற மூன்று பகுதிகளைச் சேர்ந்தவை.

6. அரைமணிப் பயிற்சி

வேலை முடிந்து கை கால் கழுவியபின், உணவுக்கு முன், காற்றோட்டமான இடத்தில் பாய் விரித்துச் செய்க.

முதற் பத்து நிமிடம்: மணிக்கட்டு, தோள், கணுக்கால் ஆகியவற்றை மெல்லச் சுழற்றுக. எழுந்து நின்று, இடுப்பில் கை ஊன்றி, வலி தோன்றாத அளவுக்கு முதுகைப் பின்னால் வளைக்க. குனிந்தே உழைத்த முதுகுக்கு இதுவே ஓய்வு.

அடுத்த ஐந்து நிமிடம்: தலையை அசைக்காமல் கண்களை வலம் இடமாகவும் மேல் கீழாகவும் நகர்த்துக. தொலைவிலுள்ள மரத்தைச் சிறிது நேரம் நோக்குக.

அடுத்த ஐந்து நிமிடம்: நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததினும் மெல்ல விடுக. மூச்சை அடக்க முயல வேண்டா. மனம் வேறெங்கும் ஓடினால் கடிந்துகொள்ள வேண்டா. அறுந்த இழையை முடிவதுபோல மீண்டும் மூச்சோடு சேர்த்தால் போதும்.

மேலும் ஐந்து நிமிடம்: மல்லாந்து படுத்துக் கால் விரல் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துக.

இறுதி ஐந்து நிமிடம்: அமர்ந்து அன்றைய நாளை ஆராய்க. யாரிடம் சினந்தோம்? தேவைதானா? நாளை எவ்வாறு நடப்போம்?

7. எச்சரிக்கை

மூச்சுப் பயிற்சியைப் பஞ்சுத் தூசி பறக்கும் தறிக் கொட்டகையிலோ, மருந்து நெடியுள்ள அறையிலோ செய்யலாகாது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உடையோரும் கருவுற்ற பெண்களும் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். நீங்காத இருமலுக்கும் வலிக்கும் மருத்துவரையே நாடவேண்டும்.

பட்டாசுத் தொழிலில் உள்ளோர்க்கு ஒன்று கூறுவோம். பதற்றமற்ற மனம் கையைப் பதற்றமின்றி இயக்கும், அது நன்றே. ஆனால், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தையும் ஆட்களையும் ஓர் அறையில் நிரப்பினால் எவ்வளவு நிதானமான தொழிலாளியும் தப்பமுடியாது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்ததை நாம் மறக்கவில்லை. பாதுகாப்பு விதிகளைக் கேட்டுப் பெறுவது உரிமை. யோகம் அவ்வுரிமைக்கு மாற்றாகாது. அநீதியைப் பொறுத்துக்கொள்ளக் கற்பிப்பது யோகமன்று. அச்சமின்றி, சினமின்றி, நியாயத்தை எடுத்துரைக்கும் உறுதியைத் தருவதே யோகம்.

முடிவுரை

ஒருவர் தனியே தொடங்கினால் பத்து நாளில் விட்டுவிடுவது இயல்பு. ஐந்து குடும்பத்தார் சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் மாலைதோறும் கூடினால் பயிற்சி நிலைக்கும். தனியே ஆகாததைக் கூடிச் செய்வதுதானே கூட்டுறவு!

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எட்டு உறுப்புகளில் ஆசனத்துக்கு முன் ஒழுக்கம் வைக்கப்பட்டதன் காரணம் யாது?

2. உமது கவலைகளை நான்காகப் பிரித்து எழுதுக. உடனே தீர்க்க வேண்டியது எது? அதில் சங்கம் செய்யக்கூடிய உதவி யாது?

3. நம் ஊரில் மாலைப் பயிற்சிக்கு ஏற்ற இடம் எது? பொறுப்பேற்பவர் யாவர்?