புழுக்களின் கணக்கு

டெங்குக் காய்ச்சல் கண்டோரின் எண்ணிக்கை உயர்ந்த பின்னரே கொசு ஒழிப்பைத் தொடங்குவது பல ஊர்களின் வழக்கம். புகைமருந்துக் கருவியின் இரைச்சல் தெருவெங்கும் கேட்கும். பணி நடைபெறுகிறது என்று மக்களும் மனநிறைவு கொள்வர். ஆயின், நோயாளிகளின் எண்ணிக்கை காலந்தாழ்ந்து வரும் செய்தியாகும். நோயுற்றவரைக் கடித்த ஏடிஸ் கொசுவின் உடலில் வைரசு பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாள்கள் ஆகும். அக்கொசுவிடம் கடிபட்டவருக்குக் காய்ச்சல் தோன்ற மேலும் 4 முதல் 10 நாள்கள் செல்லும். அவர் மருத்துவரை நாடி, குருதி ஆய்வு முடிந்து, பதிவேட்டில் இடம்பெறும்பொழுது பரவலின் அடுத்த சுற்றே தொடங்கியிருக்கும்.

ஆதலால், காய்ச்சலை எண்ணுவதற்கு முன்பே புழுக்களை எண்ண வேண்டியுள்ளது. ஒரு தெருவின் 100 வீடுகளில் 300 நீர்க்கலன்கள் ஆராயப்பட்டன என்க. அவற்றுள் 8 வீடுகளைச் சேர்ந்த 12 கலன்களில் புழுக்கள் காணப்பட்டால், வீட்டுக் குறியீடு 8. கலன் குறியீடு 4. நூறு வீடுகளுக்குரிய புழுக்கலன்களைச் சுட்டும் பிரெட்டோ குறியீடு 12. வீட்டையும் கலனையும் ஒருங்கே காட்டுவதால் மூன்றனுள் இறுதியானதே பயன் மிக்கது. மஞ்சள் காய்ச்சலைப் பொறுத்தவரை, இக்குறியீடு 5க்குக் கீழிருப்பின் இடர் குறைவு என்று கொள்ளப்பட்டது. டெங்குவிற்கு அவ்வெல்லை அப்படியே பொருந்துவதில்லை. சிங்கப்பூரில் வீட்டுக் குறியீடு 2 விழுக்காட்டை ஒட்டிக் குறைக்கப்பட்ட பின்னரும் டெங்கு மீண்டும் தலைதூக்கியது. நெடுநாள் நோய் அரிதாயிருந்தமையால் மக்களிடம் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது. வீட்டிற்கு வெளியேயும் தொற்று நிகழ்ந்தது. இன்று அங்கு, முட்டையிட வரும் பெண்கொசுக்களைப் பிடிக்கும் பொறிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டுள்ளன.

குறியீடுகளுக்கு வேறொரு குறையும் உண்டு. சில புழுக்களே உள்ள கொட்டாங்கச்சியும் நூற்றுக்கணக்கில் நெளியும் சிமெண்டுத் தொட்டியும் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படும். கூட்டுப்புழுக்களை எண்ணினால் எக்கலன் மிகுதியான கொசுக்களை ஈனுகிறது என்பது புலப்படும்.

ஒரு நாளின் எண்ணைவிட, வாரந்தோறும் அது செல்லும் திசையே முடிவெடுக்க உதவும். கோடையில் வற்றிய தொட்டியின் சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். நீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் கொசுவாகிப் பறக்கும். எனவே, மழைக்கு முந்தைய வாரங்களில் குறியீடு ஏறுமுகமாக இருப்பின், ஒரு நோயாளியும் பதிவாகாத நிலையிலேயே தொட்டிகளின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவும் பணி தொடங்கப்படுதல் வேண்டும்.