பால் சேராத பழ அப்பம்

பால் ஒவ்வாமை வேறு. பாற்சர்க்கரை செரியாமை வேறு. பின்னதில் சிறிது தயிரை உடல் பெரும்பாலும் ஏற்கும். முன்னதில் நெய்யும் கூடாது; சிலருக்குச் சிறு துளியே மூச்சுத்திணறலை உண்டாக்கும். இருசாராருக்கும் ஏற்ற காலையுணவு இது.

ஒரு கோப்பை கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு முட்டை, முக்கால் கோப்பை சோயாப்பால் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கலக்கவும். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்களை மசித்துச் சேர்த்தால் சர்க்கரை வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஆப்பிள் துண்டுகளைப் பரப்பி, 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 25 முதல் 30 நிமிடம் சுடவும். தேங்காய்ப்பாலும் சுவையே, எனினும் இதய நோயாளிகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெண்ணெய்க்கு மாற்றாக மார்ஜரின் வாங்குவோர் உறையைப் படித்தல் வேண்டும். சிலவற்றில் பால்பொருள் கலந்திருக்கும். பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகள் சிலருக்கு முட்டையும் சோயாவும்கூட ஆகா. அவர்களுக்கு இதனைக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.