பாலத்தின் இருபுறமும் சாலை விதிகள்



ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜோகூர் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே ஆகும். நம்மவர் பலர் பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அதனைக் கடந்து வேலைக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். ஓட்டுபவரும் அவரே, வண்டியும் அதுவே. ஆயினும் பாலத்தின் மறுகரையை அடைந்தவுடன் அவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் சில மாறிவிடுகின்றன. அவை எவை, ஏன் மாறுகின்றன, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒற்றுமைகள்

இரு நாடுகளும் முன்பு ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆகையால் இரண்டிலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகவே செல்கின்றன. எண்கோண வடிவச் சிவப்புப் பலகையைக் கண்டால் இரண்டிலும் வண்டியை நிறுத்த வேண்டும். இங்கே அதில் மலாய்மொழியில் 'பெர்ஹெந்தி' என்றும், அங்கே ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்றும் எழுதப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது இரு நாடுகளிலும் சட்டம். நம் நாட்டில் இவ்விதி 1973ஆம் ஆண்டில் வந்தது. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி இங்கு 1992இலும் சிங்கப்பூரில் 1995இலும் நடப்புக்கு வந்தது. காரின் பின்னிருக்கையில் அமர்வோர் இருக்கை வார் அணிய வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் 1993இலும் நம் நாடு 2009இலும் கட்டாயமாக்கின.

வேகத்தில் வேற்றுமை

நம் நாடு நீண்டது. தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 770 கிலோமீட்டர் செல்ல வேண்டும். சிங்கப்பூரோ கிழக்கிலிருந்து மேற்கு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள தீவு. ஆகவே நம் நெடுஞ்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கூட்டரசுச் சாலைகளில் பொதுவாக 90. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளிலும் 90க்கு மேல் செல்லலாகாது. வேகப் பலகை இல்லாத மற்றச் சாலைகளில் 50 கிலோமீட்டரே எல்லை.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவது ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். 'ஒன்று, இரண்டு, மூன்று' என நீங்கள் மெதுவாக எண்ணி முடிப்பதற்குள், தொலைவில் 75 மீட்டருக்கு அப்பால் தெரிந்த லாரி உங்கள் முன் வந்துவிடும். தோட்டத்துச் செம்மண் சாலை கூட்டரசுச் சாலையைத் தொடும் சந்திப்பில் நிற்கும்போது இக்கணக்கை மறவாதீர்கள்.

பலகை இல்லாத இடம்

வண்டியை முழுவதுமாகத் திருப்பி, வந்த வழியே செல்வதை 'யூ' திருப்பம் என்பர். நம் நாட்டில், திரும்பக்கூடாது என்னும் தடைப்பலகை உள்ள இடத்தில் திரும்பலாகாது. சிங்கப்பூரிலோ, திரும்பலாம் என்று அனுமதிக்கும் பலகை உள்ள இடத்தில் மட்டுமே திரும்பலாம். பலகை இல்லையெனில் இங்குள்ளவர் 'தடை இல்லை' என்று கருதுவார். அங்குள்ளவர் 'அனுமதி இல்லை' என்று கருதுவார். புதிதாகச் செல்பவர் தம் ஊர் வழக்கத்தை நம்பித் திருப்பினால் குற்றவாளியாவார்.

நடந்து செல்வோருக்கும் விதி உண்டு. சிங்கப்பூரில் கடப்பிடமோ மேம்பாலமோ 50 மீட்டருக்குள் இருந்தால் அதன் வழியாகவே சாலையைக் கடக்க வேண்டும். நம் தோட்டப்புறங்களில் பல மைல் தூரத்திற்குக் கடப்பிடமே இல்லை. அங்கே வெள்ளைக் கோடுகளும் விளக்குகளும் செய்யும் வேலையை இங்கே நம் கண்களும் காதுகளுமே செய்தாக வேண்டும்.

சட்டமும் வழக்கமும்

சாலையில் எழுதப்பட்ட சட்டம் ஒன்று. எழுதப்படாத வழக்கம் மற்றொன்று. நம்மவர் காற்றுக்காக மேற்சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஒரு வழக்கம். அதனால் எவருக்கும் கேடில்லை. பெருமழையில் ஓடும் காரின் நான்கு அபாய விளக்குகளையும் மின்னவிடுவது மற்றொரு வழக்கம். அது நல்லதன்று. நின்றுவிட்ட வண்டி எது, ஓடும் வண்டி எது, எவ்வண்டி எப்பக்கம் திரும்பப் போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமற் போகும்.

மூன்றாவது வழக்கத்தை நான் காலைதோறும் பள்ளி வாயிலில் காண்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிளில் தந்தையார். பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு பிள்ளை. பின்னால் இரு பிள்ளைகள். பிள்ளைகள் மூவர் தலையிலும் கவசம் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஓட்டுநரைத் தவிர ஒருவர் மட்டுமே செல்லலாம் என்பது இரு நாட்டுச் சட்டமும் ஆகும். சிங்கப்பூரில் பத்து வயது நிரம்பாத பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்வதே குற்றம்.

பெற்றோர்களே, உங்களைக் குறை கூறும் எண்ணம் எனக்கில்லை. வேறு வண்டி வசதி இல்லாமையும் வேலைக்குச் செல்லும் அவசரமும் நான் அறியாதவை அல்ல. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாலத்திற்கு அப்பால் வேலை செய்யும் தந்தையார், நாள் முழுவதும் அந்நாட்டு விதி ஒவ்வொன்றையும் தவறாது கடைப்பிடிக்கிறார். மாலையில் தோட்டத்து வாயிலுக்குள் நுழைந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கூடையில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தொட்டியின் மேல் ஏற்றிக் கடைக்குச் செல்கிறார். அங்கே அபராதத்திற்கு அஞ்சிக் காத்த உயிர் அவருடையது. இங்கே அஞ்சாமல் விட்டுவிடும் உயிர் அவருடைய பிள்ளையினுடையது அன்றோ?

எனவே மூன்று வேண்டுகோள்கள்:

1. பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் சிறிய தலைக்கவசம் ஒன்றை வாங்கி, அதன் வாரைத் தாடையின் கீழ் இறுக மாட்டிவிடுங்கள். பெரியவர் கவசம் சிறுவர் தலையில் நில்லாது.

2. முன்னால் தொட்டியின் மேல் எப்பிள்ளையையும் அமர்த்தாதீர்கள். கால் மிதியில் பாதம் எட்டும் பிள்ளையையே பின்னால் அமர்த்துங்கள்.

3. ஒரு முறைக்கு ஒரு பிள்ளையையே ஏற்றுங்கள். இரண்டாம் முறை வருவதால் சிறிது நேரமே கூடுதலாகும். பிள்ளை தாமதமாக வந்தால் பள்ளி பொறுத்துக்கொள்ளும்.

நாட்டுக்கு நாடு விதி மாறலாம். விழுந்தால் அடிபடும் தலை எந்நாட்டிலும் ஒன்றே. அயலகத்தில் நாம் காட்டும் ஒழுங்கை நம் வாயிலிலும் காட்டுவோமாக.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நான்கு விநாடிகளில் எத்தனை மீட்டர் கடக்கும்?

2. 'யூ' திருப்பம் பற்றி இரு நாடுகளின் விதிகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் எத்தனை பேர் செல்கின்றனர்? எத்தனை தலைக்கவசங்கள் உள்ளன? பெற்றோரிடம் கேட்டு எழுதி வருக.