பிள்ளை கையில் பாட்டில் வேண்டாம்

கௌதள்ளி நம் ஊர். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே கன்னடமும் பேசுவோம். தமிழும் பேசுவோம்.

ஒரு நாள் இரவு. நம் படிப்பு மையத்தில் 'ட்' எழுத்துப் பாடம். பலகையில் 'வீட்டில்', 'பாட்டில்' என்று எழுதினேன். எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். ஓர் அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. எல்லோரும் போன பிறகு அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, நேற்று என் மகன் வாயில் வாடை அடித்தது. பத்தாவது படிக்கிற பிள்ளை. பதினைந்து வயசுதான் ஆகிறது."

"அவனுக்கு எப்படிக் கிடைத்தது அக்கா?"

"அவன் அப்பாவுக்குத் தினமும் கடையில் வாங்கி வருவது அவன்தானே? வழியில் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறான். அப்புறம் கூட்டாளிகளோடு சேர்ந்து குடித்திருக்கிறான்."

"அடித்தீர்களா?"

"விறகுக் கட்டையை எடுத்தேன். கீழே போட்டுவிட்டேன். போய் வாங்கி வா என்று அனுப்பியது நாங்கள்தானே? அடிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. சிறு வயதில் நானும் என் அப்பாவுக்கு வாங்கி வந்தவன்தான். மீதிச் சில்லறை எனக்கு. அதை ஒரு வேலை என்றே நினைத்தேன். தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

இளம் வயதில் ஏன் ஆபத்து?

மனிதனின் மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. நல்லது கெட்டதை நிதானித்து முடிவு செய்யும் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. அந்த வயதுக்குள் மது போனால் படிப்பும் ஞாபகமும் கெடும். சிறு வயதில் தொடங்குகிறவர்களே பின்னால் அதிகமாகக் குடிக்கு அடிமை ஆகிறார்கள்.

மது மட்டும் அல்ல. பீடி, புகையிலை, கஞ்சா, போதை மாத்திரை உண்டு. பஞ்சர் ஒட்டும் பசையை முகர்கிற பிள்ளைகளும் உண்டு. முகர்வதால் திடீரென்று உயிரே போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. 18 வயது ஆகாத பிள்ளைக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுப்பது குற்றம். ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளையை வைத்து மது விற்பதும், சுமந்து வரச் செய்வதும் அதே சட்டத்தில் குற்றம். கொடுப்பவர் கடைக்காரரா, மாமாவா, அப்பாவா என்று சட்டம் பார்ப்பதில்லை.

படித்த பெண்கள் செய்த வேலை

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம். அங்கே துபகுண்டா என்று ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே நம்மைப் போல இரவில் எழுத்துப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு கதை வந்தது. பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூடிய கதை.

படித்தவர்கள் யோசித்தார்கள். "கதையில் வரும் பெண்கள் செய்ததை நாம் செய்ய முடியாதா?" 1992-ல் ரோசம்மாவும் மற்றப் பெண்களும் சேர்ந்து தங்கள் ஊரில் சாராயத்தை நிறுத்தினார்கள். செய்தி ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் திரண்டு சாராய ஏலத்தைத் தடுத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-ல் எல்லா மதுவையும் தடை செய்தது.

ஆனால் 1997-ல் அந்த முழுத் தடை தளர்ந்தது. நம் கர்நாடகத்தில் 2007 ஜூலை முதல் சாராயம் இல்லை. ஆனாலும் மற்ற மது கிடைக்கிறது. சட்டம் வரும், போகும். கடை ஒன்று மூடும், இன்னொன்று திறக்கும். அதனால் முதல் காவல் நம் வீட்டு வாசலில் இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளைகளை மதுக் கடைக்கு அனுப்பக் கூடாது. பீடி வாங்கவும் அனுப்பக் கூடாது.

திருவிழாவிலும் சாவு வீட்டிலும் "ஒரு வாய் குடிடா" என்று விளையாட்டாகக் கொடுக்க விடக் கூடாது.

பள்ளிக்குப் போகாமல் இருப்பது, புதுக் கூட்டாளிகள், வீட்டில் காசு குறைவது, சிவந்த கண், தனிமை. இவை தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அடித்தால் பிள்ளை மறைக்கப் பழகுவான்.

பள்ளிப் பிள்ளைக்கு மது விற்கும் கடை இருந்தால் கிராம சபையில் எழுந்து சொல்லலாம். மனுவாக எழுதியும் கொடுக்கலாம்.

குடியை விட அரசு மருத்துவமனையில் ஆலோசனை கேட்கலாம். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. 14446 என்ற எண்ணில் காசு இல்லாமல் பேசலாம். பிள்ளைகளின் உதவிக்கு 1098. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

அந்த அக்கா என்ன செய்தார்?

மகனிடம் பேசினார். கணவரிடமும் சொன்னார்: "உங்களுக்கு வேண்டும் என்றால் நீங்களே போங்கள். இனி என் பிள்ளை போக மாட்டான்."

வீட்டில் மூன்று நாள் சண்டை. அக்கா விட்டுக் கொடுக்கவில்லை. அவர் கணவர் இன்னும் குடியை நிறுத்தவில்லை. ஆனால் மகனை அனுப்புவதை நிறுத்திவிட்டார். மகன் மாலையில் வாலிபால் விளையாடப் போகிறான்.

மறு வாரம் அக்கா தாமே பலகைக்கு வந்தார். 'பாட்டில்' என்ற சொல்லை அழித்தார். 'வீட்டில்' என்ற சொல்லை விட்டுவைத்தார். அதற்குப் பக்கத்தில் 'பாடம்' என்று எழுதினார்.

பேசுவோம்

1. அக்கா ஏன் விறகுக் கட்டையைக் கீழே போட்டார்?
2. நம் தெருவில் மதுக் கடைக்கு யார் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்? அவர்களிடம் எப்படிச் சொல்லலாம்?
3. துபகுண்டா பெண்கள் ஒன்று சேர எது உதவியது?

எழுதுவோம்

வீடு, பிள்ளை, காவல், கிராம சபை, மனு.

இந்தச் சொற்களை வைத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.