ஒளி வேதியியலும் ஆராய்ச்சி மாணவரும்

மும்பை டிராம்பேயில் அமைந்துள்ள சீத்தா கேம்ப், 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட பகுதியாகும். அவர்களுள் தமிழர் பலர். காலனி இருந்த நிலம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவைப்பட்டது. அம்மையத்தில் ஒளி வேதியியல் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது.

குறைகடத்தியின் மீது போதிய ஆற்றலுள்ள ஒளி படும்போது, எலெக்ட்ரான் ஒன்று உயர்நிலைக்குச் செல்கிறது. அது நீங்கிய இடம் ‘துளை’ எனப்படும். இவ்விரண்டும் மீண்டும் சேருமுன் பிரித்துவிட்டால், அவற்றைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறலாம். டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு ஜப்பானிய அறிஞர்கள் புஜிஷிமா, ஹோண்டா ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உலகறியச் செய்தது. புஜிஷிமா இவ்வாய்வைத் தொடங்கியது மாணவராக இருந்தபோதுதான். எனினும் அப்பொருள் ஏற்பது புற ஊதா ஒளியை மட்டுமே. சூரிய ஒளியில் அதன் பங்கு சுமார் 5 சதவீதமே.

துகளின் அளவைக் குறைத்தால் அது ஏற்கும் ஒளியும் மாறும். காட்மியம் செலினைடுத் துகள் சுமார் 6 நானோமீட்டரில் சிவப்பாகவும், 2 நானோமீட்டரில் நீலமாகவும் ஒளிரும். இத்தகைய ‘குவாண்டம் புள்ளிகள்’ பற்றிய ஆய்வுக்கு 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது.

துகள்களைத் தயாரிப்பதும், எலெக்ட்ரான் எவ்வளவு நேரம் பிரிந்து நிற்கிறது என அளப்பதும் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களே. இப்பணி ஐந்தாண்டு வரை நீளலாம். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் அதனைப் பெறுமுன் பொதுவாக முதுநிலைப் பட்டமும் தகுதித் தேர்வும் தேவை. ஏழைக் குடும்பத்துக்குக் கல்விக் கட்டணத்தைவிட, அவ்வாண்டுகளில் இழக்கும் ஊதியமே பெருஞ்சுமை. அச்சுமையைக் குறைத்தாலன்றி, சீத்தா கேம்பின் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள ஆய்வுக்கூடம் எட்டாத் தொலைவிலேயே இருக்கும்.