முதலில் டி.சி. புத்தகத்தைப் பாருங்கள்

கேள்வி: அம்பத்தூரில் சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி நடத்துகிறேன். அட்மிஷன் வருஷா வருஷம் குறைகிறது. சி.பி.எஸ்.இ.க்கு மாறினால் பிள்ளைகள் வருவார்களா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: போர்டை மாற்றும் முன் டி.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்த வகுப்போடு அதிகம் பேர் விலகுகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு என்றால் காரணம் 7.5 சதவீதமாக இருக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் தரப்படும் உள் ஒதுக்கீடு அது. அதற்காகப் போகிறவர்களை சி.பி.எஸ்.இ. போர்டு தடுக்காது.

எல்.கே.ஜி.யே நிரம்பவில்லையா? யூடைஸ் பிளஸ் தளத்தில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை இலவசமாகக் கிடைக்கும். எல்லோருக்கும் குறைகிறதா, உங்களுக்கு மட்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு மட்டும்தான் என்றால், விலகிய பத்துப் பெற்றோருக்கு போன் செய்யுங்கள். கிளார்க்கிடம் விடாதீர்கள், நீங்களே பேசுங்கள். "ஃபீஸ் அதிகமா?" என்று ஆரம்பித்தால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "புது ஸ்கூல்ல என்ன பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பதிக்கு, மாலை ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதே பெரிய விஷயமாக இருக்கலாம். அதற்கு ஓர் ஆசிரியையும் ஆயாவும் போதும். வரும் விஜயதசமி அட்மிஷனுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.