டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்குக் கற்பிப்போம்

ஒரு குழந்தை பத்து மாதமாகியும் உட்காராமல், உடல் துவண்டு, நாக்கைச் சற்றே வெளியே நீட்டியபடி படுத்திருந்தால், "பிள்ளை கொஞ்சம் மந்தம், போகப்போகச் சரியாகிவிடும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவது வழக்கம். அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது. ஆனால், குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் அந்த ஆறுதலிலேயே கரைந்துவிடுகின்றன. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த குழந்தையால் கற்க முடியும் என்பதையும், அக்கல்வி வீட்டில்தான் தொடங்கவேண்டும் என்பதையும் நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இது நோயன்று, ஆகவே இதைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் இருக்கும். பரம்பரைக் குணங்களைத் தாங்கி வருபவை இவையே. இக்குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்து, மொத்தம் 47 ஆகிவிடுகிறது. இந்நிலையை 1866ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்து எழுதியவர் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. குரோமோசோம் மிகுதியே காரணம் என்பதை 1959இல் பிரெஞ்சு மருத்துவர் ழெரோம் லெழூன் தம் குழுவினருடன் வெளியிட்டார். முன்பு இக்குழந்தைகளை 'மங்கோல்' என்று அழைத்தனர். மங்கோலிய நாட்டின் ஆட்சேபத்திற்குப் பின் உலகச் சுகாதார நிறுவனம் 1965இல் அச்சொல்லைக் கைவிட்டது. நாமும் கைவிடுவதே பண்பு.

இதைவிடக் கடுமையான சொற்கள் நம் லயங்களில் தாயின்மீது விழுகின்றன. கிரகணத்தின்போது வெளியே போனாள், கண்டதைத் தின்றாள், முன்வினைப் பயன் என்றெல்லாம் கூறுவர். இவற்றுள் ஒன்றுக்கும் ஆதாரமில்லை. மாமன் மகனை மணந்ததால் வந்தது என்பதும் சரியன்று. உறவுமுறைத் திருமணம் வேறு சில பரம்பரைக் குறைகளுக்கு வழிகோலலாம். டவுன் சின்ட்ரோமுக்கு அது காரணமாகாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் இது கரு உருவாகும் வேளையில் தற்செயலாக நேர்வது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடுகிறது என்பது மெய். 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புகளில் ஒன்று. 40 வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. ஆயினும் இளம் தாய்மாரே அதிகமாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கின்றனர். எனவே, யாரையும் குற்றம் சாட்ட இதில் இடமில்லை.

கற்பித்தலுக்குமுன் உடல்நலம். இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை உண்டு. பால் குடிக்கும்போது வியர்த்தல், மூச்சிரைத்தல், எடை கூடாமை ஆகியவை அதன் அறிகுறிகள். சிலருக்கு அறிகுறியே தெரியாது. சில குறைகளுக்கு முதல் சில மாதங்களிலேயே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும். தாமதித்தால் நுரையீரல் கெட்டுப்போய்ச் சிகிச்சைக்கும் வழியில்லாமற் போகலாம். ஆகவே கமுந்திங் வட்டாரத்துப் பெற்றோர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கேட்டு, தைப்பிங் மருத்துவமனையின் குழந்தைநல மருத்துவரிடம் விரைவில் செல்லவேண்டும். காது, கண், தைராய்டுச் சுரப்பி ஆகியவற்றையும் காலந்தோறும் சோதிக்கவேண்டும். காதில் நீர் கட்டிக் கேள்வி குறைந்த பிள்ளையைச் 'சொல்வது விளங்காத பிள்ளை' என்று ஒதுக்கிவிடும் கொடுமை ஆங்காங்கே நடக்கிறது.

இனி, கற்பிக்கும் முறையைப் பார்ப்போம். பால்மரம் வெட்டப் புதிதாக வந்தவரிடம் முதல் நாளே கத்தியைக் கொடுத்து முழு வரிசையையும் வெட்டச் சொல்வார் எவருமில்லை. ஒட்டுப்பால் உரிப்பது, மங்கு துடைப்பது, பின்னர்ப் பட்டையில் கத்தியை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பழக்குவோம். இக்குழந்தைக்கும் அதே வழிதான். படிகள் மட்டும் இன்னும் சிறியவை. சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். தலையில் மாட்டுவது, கைகளை நுழைப்பது எல்லாவற்றையும் தாயே செய்துவிட்டு, இறுதியில் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விடலாம். அதைச் செய்ததும், "சட்டை போட்டுக்கொண்டாயே!" என்று பாராட்டவேண்டும். அது பழகியபின் அதற்கு முந்திய படியையும் பிள்ளையிடம் விடவேண்டும். இவ்வாறு கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கிறது. முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் சோர்ந்து அழும். ஒரு படி பழக ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து நாமே மாட்டிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. விடியலில் வேலைக்கு ஓடவேண்டிய தாயைக் குறைகூறவும் மனம் வரவில்லை. காலையில் முடியாவிட்டால் மாலைக் குளியலுக்குப்பின் பழக்கலாம்.

பேச்சு தாமதமாகவே வரும். ஆனால், பேசுவதைவிட அதிகமாக அக்குழந்தை புரிந்துகொள்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. காதால் கேட்பதை நினைவில் நிறுத்துவது அதற்குக் கடினம். கண்ணால் காண்பது எளிதில் பதியும். "தண்ணீர்" என்று சொல்லும்போதே பெருவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினால், சொல் வருமுன்பே சைகை வந்துவிடும். சைகை பழகினால் பேச்சு வராது என்று சில பாட்டிமார் அஞ்சுகின்றனர். அவ்வாறில்லை, கேட்டது கிடைக்கும் என்று கண்ட பிள்ளை, பேசவும் ஆவல் கொள்ளும்.

1980ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் சூ பக்லி என்னும் உளவியலாளருக்கு ஒரு தந்தையின் கடிதம் கிடைத்தது. டவுன் சின்ட்ரோம் உடைய தம் மகள் மூன்று வயது முதல் சொல்லட்டைகளைக் கொண்டு படிக்கக் கற்றதையும், படிப்பால் பேச்சு வளர்ந்ததையும் அவர் அதில் விவரித்திருந்தார். அதன்பின் சூ பக்லி மேற்கொண்ட ஆராய்ச்சிகள், பேச்சு வந்தபின்தான் படிப்பு என்ற எண்ணத்தை மாற்றின. இம்முறைக்குப் பணம் தேவையில்லை. பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் 'அம்மா', 'பால்', 'நாய்' என்று பெரிதாக எழுதி, நாளுக்கு இரண்டு மூன்று அட்டைகளைப் பத்து நிமிடம் காட்டினால் போதும். முதலில் ஒன்றுபோல் உள்ளதைப் பொருத்தச் செய்து, அடுத்து "பால் எது?" என்று எடுக்கச் செய்து, அதன்பின்னரே "இது என்ன?" என்று வினவவேண்டும். உயிரெழுத்து வரிசையை மனனம் செய்விப்பது பிறகு ஆகட்டும். பிள்ளைக்குத் தெரிந்த முழுச் சொல்லே முதலில் வரட்டும் என்பது நம் கருத்து.

சென்னையிலும் ஒரு தாயிடமிருந்தே பெருமுயற்சி பிறந்தது. தம் மகளுக்கு வழி தேடிய சுரேகா இராமச்சந்திரன் 1984இல் தொடங்கிய பணி, இந்திய டவுன் சின்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. அதே 1984ஆம் ஆண்டில் நம் நாட்டின் சமூகநல இலாகா, திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் 55 பேருடன் சமூக மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதனை முறையில் ஆரம்பித்தது. பி.டி.கே. என்று நாம் அறிந்த அத்திட்டம் இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களாகப் பரவியுள்ளது. நிலையத்திற்கு வர இயலாதோர்க்கு வீட்டிலேயே பயிற்சியளிக்கவும் இதில் ஏற்பாடு உண்டு.

இவ்வாயில்களைத் திறக்கும் சாவி ஓ.கே.யூ. அட்டை. மருத்துவரின் சான்றுடன் தைப்பிங்கிலுள்ள சமூகநல இலாகா அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். குடியுரிமை ஆவணம் இல்லாமல் பதிவு இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும், சிறப்புக் கல்வித் தேவையுடைய மாணவரைத் திருப்பியனுப்பலாகாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த கொள்கையும் நம் பக்கம் உள்ளன. சாதாரணப் பள்ளிகளிலேயே சிறப்புக் கல்வி வகுப்புகள் இயங்குகின்றன; தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் உண்டு. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், அக்காளுக்கு வரன் அமையாது என்று தயங்கும் வீடுகள் இருக்கின்றன. பூட்டிய அறைக்குள் வளரும் பிள்ளையை ஊரார் அறியாமலா இருக்கின்றனர்?

இருதயச் சிகிச்சை முன்னேறியதால் இவர்களின் ஆயுளும் நீண்டுள்ளது. 1980களின் தொடக்கத்தில் மேலை நாடுகளிலேயே சராசரியாக 25 வயதளவில் மரித்தனர். இன்று அங்கு 60 வயதுவரை வாழ்கின்றனர். அதாவது, பெற்றோர் மறைந்தபின்னும் இவர்கள் வாழ்வர். அக்காலத்தில் உடன்பிறந்தவர் தலையில் திடீரென்று சுமை விழாதிருக்க, யார் வீட்டில் இருப்பது, யார் பணத்தைக் கவனிப்பது என்பதைப் பிள்ளைகள் வளரும்போதே கலந்து பேசி முடிவு செய்யவேண்டும். சமைத்த பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், தன் பெயரையும் முகவரியையும் சொல்லுதல், எவரேனும் தகாத முறையில் தொட்டால் மறுத்து வீட்டில் கூறுதல் ஆகியவற்றைப் பதின்ம வயதிற்குள் பழக்கிவிடவேண்டும். ஒரு ரிங்கிட்டைக் கையில் கொடுத்துப் பக்கத்துக் கடைக்கு அனுப்பலாம். முதல் மாதம் கூடவே செல்லவேண்டும், அடுத்த மாதம் கடைவாசலில் நிற்கவேண்டும், அதற்கடுத்த மாதம் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.